முப்பது பலகைகளுக்கு ஒரே அமைப்பு

ரஞ்சன்குடிக் கோட்டையின் பக்கத்தில், சென்னை–திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டிய ஏதோ ஓர் அரசுப் பள்ளியில், முப்பது பேர் உட்கார்ந்து நிரல் எழுதப் பழகும் ஆய்வகம் ஒன்றை அமைப்பதாக வைத்துக்கொள்வோம். மேசைக் கணினிகள் வாங்கப் பணம் போதாது. அப்படிப்பட்ட இடத்துக்கென்றே வந்தது ஒற்றைப் பலகைக் கணினி. செயலி, நினைவகம், யு.எஸ்.பி. துளைகள், திரைக்கான இணைப்பு எல்லாம் உள்ளங்கை அளவுள்ள ஒரே பலகையில் பதிக்கப்பட்டிருக்கும். 2012 பிப்ரவரி 29 அன்று 35 டாலர் விலையில் வெளிவந்த ராஸ்பெரி பை இவற்றில் பெயர்பெற்றது. கேம்பிரிட்ஜில் கணினி அறிவியல் படிக்க விண்ணப்பிப்பவர்கள் குறைந்துவருவதையும், வருகிறவர்களிடம் நிரல் எழுதிய பழக்கம் இல்லாததையும் கண்டு எபன் அப்டனும் நண்பர்களும் இதை உருவாக்கினார்கள். பள்ளிப் பிள்ளை துணிந்து நோண்டிப் பார்க்கக்கூடிய விலையில் ஒரு கணினி வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். இந்தப் பலகையில் ஹார்ட் டிஸ்க் கிடையாது. இயங்குதளம், மென்பொருள், மாணவர் எழுதும் கோப்பு எல்லாம் விரல்நகம் அளவுள்ள ஒரு மைக்ரோ எஸ்டி கார்டில் இருக்கும். கார்டை மாற்றினால் கணினியே மாறிவிடும்.

அதனால் பலரும் எடுக்கும் வழி இது: ஒரு பலகையில் வேண்டியதையெல்லாம் நிறுவி, தமிழ் எழுத்துருவையும் தமிழ்99 விசைப்பலகையையும் சேர்த்து, எல்லாம் சரியாக ஓடுவதைப் பார்த்த பிறகு அந்தக் கார்டை அப்படியே நகலெடுப்பது. இந்த முழு நகலை ‘இமேஜ்’ என்கிறார்கள். 32 ஜிபி கார்டு முழுவதையும் விநாடிக்கு 20 எம்பி வேகத்தில் எழுதினால் ஒன்றுக்கு ஏறத்தாழ 27 நிமிடம் ஆகும். ஒன்றன்பின் ஒன்றாக முப்பது கார்டுகளுக்கு 13 மணி நேரத்தைத் தாண்டிவிடும். 32 ஜிபி என்று அச்சிட்டிருந்தாலும் இரண்டு கம்பெனிக் கார்டுகளின் கொள்ளளவு சற்று முன்பின் இருக்கும். பெரியதிலிருந்து எடுத்த நகல் சிறியதில் அடங்காமல் கடைசியில் நின்றுவிடும். இவை சமாளிக்கக்கூடிய தொல்லைகள்தாம். இமேஜைச் சுருக்கித் தரும் கருவிகள் இருக்கின்றன. பல கார்டுகளை ஒரே நேரத்தில் எழுதவும் முடியும். பெரிய சிக்கல் வேறொன்று: மென்பொருளோடு சேர்ந்து அந்த முதல் கணினியின் அடையாளமும் நகலுக்குள் வந்துவிடுகிறது. பல கணினிகளுக்குப் பொதுவாக்க வேண்டியது அமைப்பை மட்டுமே, அடையாளம் ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பிறக்க வேண்டும் என்பது என் வாதம். முடித்து வைத்த கார்டை மூலமாகக் கொள்ளாமல், அதை உண்டாக்கிய செய்முறையை மூலமாகக் கொண்டால் இரண்டும் கைகூடும்.

ராஸ்பெரி பையைப் போல லினக்ஸில் ஓடும் கணினி ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், நிறுவும்போது உருவாகும் ஓர் இயந்திர எண், தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் எஸ்.எஸ்.எச். இணைப்புக்கான மறைசாவிகள் என்று சில தனிச் சொத்துகள் உண்டு. கார்டை நகலெடுத்தால் முப்பது பேருக்கு ஒரே ஆதார் எண் கொடுத்ததுபோல் ஆகிவிடும். சில லினக்ஸ் அமைப்புகளில் இந்த இயந்திர எண்ணை வைத்தே நெட்வொர்க் முகவரி வழங்கப்படுகிறது. ஒரே எண்ணோடு வரும் இரண்டு கணினிகளுக்கு ஒரே முகவரி கிடைத்து, இரண்டும் மாறி மாறித் துண்டிக்கப்படும். காரணம் தெரியாதவர் கேபிளையும் ஸ்விட்சையும் மாற்றிப் பார்த்துக்கொண்டே இருப்பார். மறைசாவி விஷயம் இதைவிடக் கடுமையானது. 2015-இல் ஷோடன் தேடுபொறியை உருவாக்கிய ஜான் மாதர்லி, ஒரே எஸ்.எஸ்.எச். சாவியைப் பகிர்ந்துகொண்ட இரண்டரை லட்சம் கருவிகளை இணையத்தில் கண்டார். ஸ்பெயினில் ஒரு தொலைபேசி நிறுவனத்தின் வாடிக்கையாளர் வீடுகளுக்குப் போன கருவிகள் அவை. அவற்றுள் ஒன்றிலிருந்து அந்தச் சாவியை எடுக்க முடிந்தவர் மற்ற எதுவாகவும் நடிக்கலாம். கடவுச்சொல்லுக்கும் இதே கதி. ராஸ்பெரி பையில் பல ஆண்டுகள் ‘பை’ என்ற பயனர் பெயரும் ‘ராஸ்பெரி’ என்ற கடவுச்சொல்லும் முன்கூட்டியே இருந்தன. மாற்றாமல் விட்ட பலகைகளைத் தேடிப் புகுந்து மின்னாணயம் தோண்டவைத்த தீநிரல் ஒன்றை 2017-இல் டாக்டர் வெப் நிறுவனம் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. 2022 ஏப்ரலில்தான் அந்த முன்னிருப்புப் பயனர் நீக்கப்பட்டார்.

விடை பலகையிலேயே இருக்கிறது. ஒவ்வொரு ராஸ்பெரி பையின் சில்லிலும் ஆலையிலேயே ஒரு தனி வரிசை எண் பொறிக்கப்பட்டிருக்கிறது. எந்தக் கார்டைப் போட்டாலும் அது மாறாது. ஆகவே பொதுக் கார்டில் பெயரையும் இயந்திர எண்ணையும் சாவிகளையும் அழித்துவிட்டு, முதல் முறை மின்சாரம் வரும்போது ஓடும் ஒரு சிறு நிரலை மட்டும் வைக்க வேண்டும். அது வரிசை எண்ணைப் படித்துக் கணினிக்குப் பெயரிடும், சாவிகளைப் புதிதாக உண்டாக்கும். மீதி வேலையைச் செய்முறைக் கோப்பு பார்த்துக்கொள்ளும்: எந்த மென்பொருள், எந்த விசைப்பலகை, எந்த நேர மண்டலம் என்று வரிவரியாக எழுதிய கோப்பு அது. ஆன்சிபிள் போன்ற கருவி அதைப் படித்து, முப்பது பலகைகளையும் நெட்வொர்க் வழியே அந்த நிலைக்குக் கொண்டுவரும். ஏற்கெனவே அந்த நிலையில் இருப்பதைத் தொடாது என்பது இதன் சிறப்பு.

முப்பது பலகைக்கு இவ்வளவு ஏற்பாடா, நகலெடுத்து வேலையைத் தொடங்கிவிடலாமே என்று கேட்கலாம். முதல் நாளைப் பொறுத்தவரை அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் ஆய்வகம் ஒரு நாளோடு முடிவதில்லை. பாடத்துக்குப் புதிதாக ஒரு மென்பொருள் வேண்டியிருக்கும், பாதுகாப்புத் திருத்தம் வரும், கார்டு கெடும். நகல் வழியில் ஒவ்வொரு முறையும் முப்பது கார்டுகளையும் கழற்ற வேண்டும். செய்முறை வழியில் ஒரு வரியைச் சேர்த்தால் போதும். அரசுப் பள்ளிக்கு இன்னொரு காரணமும் உண்டு. கார்டைத் தயாரித்த ஆசிரியர் பொது மாறுதலில் வேறு ஊருக்குப் போனால், அதில் என்ன செய்தார், ஏன் செய்தார் என்ற அறிவும் அவரோடு போய்விடும். கோப்பைப் பின்னால் வருபவர் படிக்கலாம், திருத்தலாம். கேரள அரசின் பள்ளித் தொழில்நுட்ப நிறுவனமான கைட் 2019-இல் பள்ளிகளின் 2 லட்சம் கணினிகளுக்கென உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு தன் லினக்ஸ் பதிப்பைக் கொண்டுவந்தது. அவை பெரும்பாலும் மேசைக் கணினிகளும் மடிக்கணினிகளும்தான். ஆனாலும் பாடநூலும் மென்பொருளும் ஆசிரியர் பயிற்சியும் ஒன்றோடொன்று பொருந்தியிருப்பதன் பலனை அங்கே காணலாம். தமிழ்நாடு 2011 செப்டம்பரில் வழங்கத் தொடங்கிய இலவச மடிக்கணினிகளிலும், சென்னை சி-டாக் டெபியனிலிருந்து உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருந்தது. ராஸ்பெரி பையின் இயங்குதளமும் டெபியன் வழி வந்ததே. எனவே இந்த அறிவு நமக்கு அந்நியமானதில்லை.

கார்டே வேண்டாம், சர்வரிலிருந்தே எல்லாப் பலகைகளையும் இயக்கலாமே என்பது இன்னும் வலுவான மறுப்பு. 2016-இல் வந்த மூன்றாம் பதிப்பிலிருந்து ராஸ்பெரி பை நெட்வொர்க் வழியாகவே தொடங்க வல்லது. நல்ல ஸ்விட்சும் தடையற்ற மின்சாரமும் உள்ள இடத்தில் நானும் அதையே பரிந்துரைப்பேன். சர்வர் நின்றால் முப்பதும் நிற்கும் என்பதால் மின்வெட்டு உள்ள ஊரில் தயங்குகிறேன். கார்டிலும் மின்வெட்டுத் தொல்லை உண்டு: எழுதும் நடுவில் மின்சாரம் போனால் கோப்பு அமைப்பு சிதையும். அதற்கு இயங்குதளப் பகுதியைப் படிக்க மட்டும் திறந்து, மாற்றங்களைத் தற்காலிக நினைவகத்தில் வைக்கும் ஏற்பாடு ராஸ்பெரி பையிலேயே இருக்கிறது. அணைத்துப் போட்டால் பழைய நிலைக்கு வந்துவிடும். மாணவர் எழுதியவற்றை மட்டும் பென்டிரைவிலோ பொது இடத்திலோ தனியாகச் சேமிக்க வேண்டும். புதிய மென்பொருள் சேர்க்கும்போது அந்தப் பூட்டைச் சற்று நேரம் திறந்து மூட வேண்டும்.

எல்லாம் ஒன்றுபோல் இருந்தால் ஒரு பிழை எல்லாவற்றையும் ஒரே நாளில் வீழ்த்தாதா என்ற கேள்வியும் பாக்கி இருக்கிறது. வீழ்த்தும். தவறான ஒரு வரி முப்பது பலகைகளுக்கும் ஒரே நிமிடத்தில் போய்ச் சேரும். ஆகவே வரிசை முக்கியம்: புதிய வரி முதலில் ஒரு பலகையில் ஒரு வாரம் ஓட வேண்டும், பிறகு ஐந்தில், அதன்பின் மீதியில். பழைய செய்முறையை அழிக்காமல் தேதியிட்டு வைத்திருந்தால் பின்வாங்கவும் முடியும். நான்காம் பதிப்பு வரையிலான பலகைகளில் அணைத்தபின் நேரத்தைக் காக்கும் கடிகாரம் இல்லை என்பதால், இணையத்திலிருந்து நேரம் கிடைக்காத ஆய்வகத்தில் தேதி தவறிப்போய்ப் பாதுகாப்பான தளங்கள் திறக்க மறுக்கும். கடிகாரத்தைப் பள்ளியின் ஒரு கணினியிலிருந்து சரிசெய்துகொள்ளச் சொல்லும் வரியை முதலில் எழுதி, அந்த ஒற்றைப் பலகையில் சோதித்துப் பார்த்துத் தொடங்கலாம்.