மேற்கட்டைத் தேனீப் பெட்டியில் புதுக் குடும்பத்தைக் குடியமர்த்தல்

மேற்கட்டைத் தேனீப் பெட்டி என்பது தேனீ வளர்ப்பில் பயன்படும் ஒருவகைக் கிடைப் பெட்டி ஆகும். பரவலாக உள்ள சட்டப் பெட்டிகளில் ஒவ்வொரு தேனடையும் நாற்புறமும் மரத்தால் சூழப்பட்ட ஒரு சட்டத்துக்குள் கட்டப்படுகின்றது. மேற்கட்டைப் பெட்டியிலோ மேலே ஒரு கட்டை மட்டுமே உண்டு. தேனீக்கள் அக்கட்டையின் அடியிலிருந்து தொங்குமாறு தம் அடையைத் தாமே கட்டிக்கொள்கின்றன. செலவு குறைவு, பாரமான அடுக்குகளைத் தூக்க வேண்டியதில்லை ஆகிய காரணங்களால் தேனீ வளர்ப்பில் புதிதாக இறங்குவோர் பலர் இதனை நாடுகின்றனர். ஆயினும், ஒரு தேனீக் குடும்பத்தை இதில் குடியமர்த்திய முதல் மூன்று நான்கு வாரங்களின் கவனிப்பே அப்பெட்டி பிற்காலத்தில் பயன்படுமா இல்லையா என்பதை முடிவு செய்கின்றது எனலாம். இக்கட்டுரை, வட அமெரிக்காவில் இளவேனிற் காலத்தில் மேற்கத்தியத் தேனீக்களைக் குடியமர்த்தும் முறையை முதன்மையாகக் கொண்டு அக்காலப் பகுதியை விளக்குகின்றது.

வரலாறு

மேலே கட்டைகள் வைத்து அடைகளை ஒவ்வொன்றாக எடுக்கும் முறை மிகவும் பழையது. 1675-76 ஆம் ஆண்டுகளில் கிரேக்க நாட்டில் பயணம் செய்த ஆங்கிலேயரான ஜோர்ஜ் வீலர், அங்கு பின்னல் கூடைகளின் வாயில் கட்டைகளை அடுக்கித் தேனீ வளர்த்ததையும், இளவேனிலில் அடைகளில் பாதியை வேறு கூடைக்கு மாற்றிக் குடும்பத்தை இரண்டாக்கியதையும் 1682 இல் வெளியான தமது நூலில் விவரித்துள்ளார். 1852 இல் அமெரிக்கரான லாங்ஸ்ட்ரோத் நகரும் சட்டங்கள் கொண்ட பெட்டிக்குக் காப்புரிமை பெற்ற பின்னர், உலகின் பெரும்பகுதி அவ்வழியே சென்றது.

மேற்கட்டைப் பெட்டிக்கு இன்றைய வடிவம் கிடைத்தது கிழக்காப்பிரிக்காவில் ஆகும். 1970களின் தொடக்கத்தில், கனடாவின் உதவியுடன் கென்யாவில் நடந்த தேனீ வளர்ப்புத் திட்டத்தில், குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வல்லுநர்கள் சரிந்த பக்கங்கள் கொண்ட ஒரு பெட்டியை உருவாக்கினர். அங்கு மரபாகப் பயன்பட்டவை மரங்களில் தொங்கவிடப்படும் குடைந்த மரக்கட்டைகள் ஆகும். அவற்றில் அடையை அறுக்காமல் உள்ளே பார்க்க இயலாது. புதிய பெட்டியில் அது இயன்றது. அத்துடன் சட்டப் பெட்டிக்கு வேண்டிய துல்லியமான தச்சு வேலையும், மெழுகுத் தாளும், தேன் பிரிக்கும் இயந்திரமும் தேவைப்படவில்லை. தேன்வளைக்கரடியிடமிருந்தும் எறும்பிடமிருந்தும் காப்பாற்றப் பெட்டியைக் கம்பிகளில் இடுப்பளவு உயரத்தில் தொங்கவிடுவர். இதனால் மரமேறும் தேவை நீங்கியது. இவ்வகை கென்ய மேற்கட்டைப் பெட்டி எனப்படும். பக்கங்கள் செங்குத்தாக இருப்பின் அது தான்சானியப் பெட்டி எனப்படும்.

அமைப்பு

பெட்டி நீண்ட தொட்டியைப் போன்றது. கென்ய வகையில் பக்கங்கள் அடிப்பலகையுடன் ஏறத்தாழ 120 பாகைக் கோணத்தில் விரிந்து செல்லும். தேனீக்கள் இயல்பாகக் கட்டும் அடையும் கீழ்நோக்கி ஒடுங்குவதால், சரிந்த பக்கங்களில் அடையை ஒட்டுவது குறையும் என்பது இதன் நோக்கம். குறையுமேயன்றி முற்றாக நிற்பதில்லை.

கட்டைகளின் அகலமே இப்பெட்டியின் உயிர்நாடி. ஓர் அடையின் நடுவிலிருந்து அடுத்த அடையின் நடு வரையுள்ள தொலைவு தேனீயின் இனத்தைப் பொறுத்தது. கட்டையின் அகலம் அத்தொலைவுக்குச் சமமாக இருந்தால்தான் கட்டைக்கு ஓர் அடை என்னும் ஒழுங்கு அமையும். கிழக்காப்பிரிக்கத் தேனீக்கு 32 மில்லிமீட்டர் பொருந்தும். ஐரோப்பியத் தேனீக்குப் புழு வளரும் பகுதியில் 35 மில்லிமீட்டரும், தேன் சேரும் பகுதியில் 38 மில்லிமீட்டரும் வழக்கம். உருவில் சிறிய இந்தியத் தேனீக்கு இவற்றிலும் ஒடுங்கிய கட்டை வேண்டும். கட்டைகள் இடைவெளியின்றி நெருங்கி நிற்பதால் அவையே பெட்டியின் கூரையாகவும் அமைகின்றன. ஆய்வின்போது ஓரிரு கட்டைகளை மட்டும் எடுத்தால் போதும். எஞ்சிய தேனீக்கள் இருளிலேயே இருக்கும்.

ஒவ்வொரு கட்டையின் அடியிலும் நடுக்கோட்டில் ஒரு மெல்லிய மரப்பட்டையையோ முக்கோண விளிம்பையோ அமைத்து, அதில் தேன்மெழுகைத் தேய்ப்பர். தேனீக்கள் அடையைத் தொடங்க வேண்டிய இடத்தை இது காட்டுகின்றது. பெட்டிக்குள் இடத்தைச் சுருக்கவும் விரிக்கவும் ஒரு தடுப்புப் பலகை உண்டு.

குடும்பம் கிடைக்கும் வழிகள்

கென்யாவில் பெரும்பாலும் மெழுகு தேய்த்த வெறும் பெட்டியைத் தொங்கவிட்டு, பிரிந்து வரும் கூட்டம் தானே குடியேறக் காத்திருப்பர். மற்ற நாடுகளிலும் இதுவே சிறந்த தொடக்கம் என்பர் பலர். பிரிந்த கூட்டம் தன் சொந்த இராணியுடன், வயிறு நிறையத் தேனுடன், மெழுகு சுரக்க ஆயத்தமாக வருகின்றது. ஆனால் அது வரும் நாள் நம் கையில் இல்லை.

சட்டங்களோடு விற்கப்படும் சிறு குடும்பம் மேற்கட்டைப் பெட்டிக்குப் பொருந்தாது. செவ்வகச் சட்டம் சரிந்த பக்கங்களுக்குள் இறங்காது. அடையை வெட்டிக் கட்ட வேண்டிவரும். ஆகவே வட அமெரிக்காவில் புதியவர் பெரும்பாலும் வாங்குவது பொதித் தேனீக்களை ஆகும். வலையடித்த ஒரு பெட்டியில் 3 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 1.4 கிலோகிராம் எடையுள்ள தேனீக்கள் இருக்கும். எண்ணிக்கையில் இது 10,000 அளவில் வரும். அவற்றுடன் ஒரு சிறு கூண்டில் இராணித் தேனீயும், வழிக்கு உணவாக ஒரு தகரத்தில் சர்க்கரைப் பாகும் இருக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பொதியில் உள்ள பணித் தேனீக்கள் பல பெட்டிகளிலிருந்து உதறி எடுக்கப்பட்டவை. இராணி வேறிடத்தில் வளர்ந்தவள். அவளது மணம் அவற்றுக்குப் பழகும் முன் கூண்டைத் திறந்தால், அந்நியளாகக் கருதிக் கொன்றுவிடக்கூடும். இதற்காகவே கூண்டின் வாய் சர்க்கரைக் கட்டியால் அடைக்கப்பட்டிருக்கின்றது. தேனீக்கள் அதனைத் தின்று வழி திறக்கச் சில நாட்கள் ஆகும். அதற்குள் இராணி ஏற்கப்பட்டுவிடுவாள்.

குடியமர்த்தும் நாள்

பெட்டியை முதலில் நீர்மட்டம் வைத்து இரு திசையிலும் சமப்படுத்த வேண்டும். தேனீக்கள் புவியீர்ப்பின் திசையிலேயே அடையைத் தொங்கவிடுகின்றன. பெட்டி சாய்ந்திருந்தால் அடை கட்டைக்கு நேராக இறங்காது. பல கையேடுகள் இதனை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன என்றாலும், பின்னர் வரும் தொல்லைகளில் பல இங்கேயே தொடங்குகின்றன.

வெயில் தணிந்த மாலை வேளை ஏற்றது. பறந்து திரியும் நேரம் குறைவாதலால் தேனீக்கள் உள்ளேயே தங்கும். வாயில் உள்ள முனையில் 8 முதல் 10 கட்டைகளுக்கு இடம் விட்டுத் தடுப்புப் பலகையை நிறுத்துவர். இராணிக் கூண்டில் சர்க்கரைக் கட்டி உள்ள பக்கத்தின் மூடியை மட்டும் நீக்கி, முன்னிருந்து மூன்றாவது அல்லது நான்காவது கட்டையில் தொங்கவிடுவர். கூண்டுக்குள் இறந்துபோகும் துணைத் தேனீக்கள் வழியை அடைக்காதவாறு, கட்டியுள்ள முனை மேற்புறமாகவோ பக்கவாட்டிலோ இருத்தல் நலம். வலைப்பக்கம் மறையக்கூடாது; அதன் வழியேதான் மற்றத் தேனீக்கள் இராணிக்கு உணவூட்டுகின்றன. பின்னர் பொதியைக் கவிழ்த்து உதறித் தேனீக்களை உள்ளே கொட்டி, கட்டைகளை நசுக்காமல் மெதுவாக மூடுவர். காணத் துணிகரமான செயலாகத் தோன்றினாலும், காக்க வேண்டிய புழுவோ தேனோ இல்லாத தேனீக்கள் பொதுவாகக் கொட்டுவதில் நாட்டம் காட்டுவதில்லை. முகவலை வேண்டாம் என்பது இதன் பொருளன்று.

அன்றே உணவு வைக்க வேண்டும். சர்க்கரையும் நீரும் சம எடையில் கலந்த பாகு தடுப்புப் பலகைக்குப் பின்னால், அடியில் ஒரு சந்து விட்டு வைக்கப்படும். 1 கிலோகிராம் மெழுகுக்கு 6 முதல் 8 கிலோகிராம் தேன் செலவாகும் என்பது தேனீ நூல்களில் வழமையாகக் காணப்படும் மதிப்பீடு. வெறும் பெட்டியில் இறக்கப்பட்ட குடும்பத்திடம் ஒரு துளிச் சேமிப்பும் இல்லை. சேமிக்க ஓர் அறையும் இல்லை. குளிரும் மழையும் தொடர்ந்தால் பட்டினியால் அழிய ஒரு வாரமே போதும்.

முதல் மாதம்

நான்காம் அல்லது ஐந்தாம் நாளில் பெட்டியைத் திறந்து, இராணி வெளிவந்துவிட்டாளா என்று பார்க்க வேண்டும். கூண்டின் மேலுள்ள தேனீக்களை விரலால் எளிதில் ஒதுக்க முடிந்தால் அவை இராணியை ஏற்றுக்கொண்டன என்று கொள்ளலாம். வலையைக் கடித்துக்கொண்டு விலக மறுத்தால் இன்னும் பொறுக்க வேண்டும். இராணி வெளிவந்ததும் வெற்றுக் கூண்டை அன்றே எடுத்துவிடுதல் இன்றியமையாதது. விட்டுவைத்தால் தேனீக்கள் கூண்டையும் அடையுடன் சேர்த்துக் கட்டும். அந்த அடை கோணும்.

கோணல் அடை சிறு விடயம் அன்று. தேனீக்கள் கடைசியாகக் கட்டிய அடைக்கு இணையாகவே அடுத்ததைக் கட்டுகின்றன. முதல் அடை சிறிது திரும்பினால் இரண்டாவது அடுத்த கட்டையைத் தொடும்; ஐந்தாவது அடை மூன்று கட்டைகளைக் குறுக்கே கடக்கும். அதன்பின் எந்தக் கட்டையையும் தனியே தூக்க இயலாது. நோயைக் காணவோ, இராணியைத் தேடவோ, தேன் எடுக்கவோ வழியில்லாத வெறும் மரப்பொந்தாகப் பெட்டி மாறிவிடும். அமெரிக்காவின் பல மாநிலங்களில், ஆய்வுக்காக அடைகளை எடுக்கத்தக்க பெட்டியில்தான் தேனீ வளர்க்க வேண்டும் எனச் சட்டமும் உள்ளது. உள்ளங்கை அளவில் இருக்கும்போது புதிய மெழுகு இளக்கமானது; விரலால் மெல்லத் தள்ளியே நேராக்கலாம். இரண்டு வாரம் கழித்தால் கத்தியும் நூலும் வேண்டும். நேரான அடைகள் சில கிடைத்தபின், வானிலை நன்றாக இருந்தால், இரு நேரான அடைகளுக்கு இடையே வெறுங்கட்டையைச் செருகுவது நல்ல உத்தி. வேறு வழியில்லாத தேனீக்கள் நேராகவே கட்டும்.

அடையைக் கையாள்வதிலும் சட்டப் பெட்டியின் பழக்கம் உதவாது. புதிய அடையைக் கிடையாகச் சாய்த்தால் தன் எடையால் முறிந்து விழும். வெப்பமான நாளில் இது இன்னும் விரைவாக நிகழும். மறுபக்கத்தைக் காண, கட்டையின் ஒரு முனையை உயர்த்திச் செங்குத்தாக்கி, புத்தகத்தின் தாளைப் போலத் திருப்ப வேண்டும். அடையின் தளம் எப்போதும் நெட்டாகவே நிற்க வேண்டும் என்பதை மட்டும் நினைவில் கொண்டால் போதுமானது. பக்கங்களில் ஒட்டியிருந்தால் கீழிருந்து மேலாக அறுத்து விடுவிப்பர்.

ஒரு வாரம், பத்து நாளில் அறைகளின் அடியில் முட்டைகள் தென்பட வேண்டும். வெண்ணிறத்தில், அரிசி மணியினும் மிகச் சிறியதாக இருக்கும் இவற்றைக் காண, சூரியன் நம் முதுகுப்புறம் இருத்தல் நல்லது. முட்டை இருந்தால் இராணியைத் தேடிக் குடும்பத்தைக் கலைக்க வேண்டியதில்லை. இல்லையெனில் புதிய இராணிக்கு உடனே ஏற்பாடு செய்ய வேண்டும். இராணியும் புழுவும் இன்றிச் சில வாரங்கள் கழிந்தால் பணித் தேனீக்களே முட்டையிடத் தொடங்கும். அம்முட்டைகளிலிருந்து ஆண் தேனீக்கள் மட்டுமே வெளிவரும். ஓர் அறையில் பல முட்டைகள் சிதறிக் கிடப்பது இதன் அடையாளம். அந்நிலையில் குடும்பத்தை மீட்பது கடினம்.

எல்லாம் சரியாக நடந்தாலும் மூன்றாம் வாரத்தில் குடும்பம் மெலிந்தே தோன்றும். முட்டையிட்ட நாளிலிருந்து பணித் தேனீ வெளிவர 21 நாட்கள் ஆகும். பொதியில் வந்தவையோ வேனிற்காலத்தில் ஐந்து ஆறு வாரமே வாழ்பவை; அவற்றின் ஆயுளில் ஒரு பகுதி முன்னரே கழிந்திருக்கும். பழையவை இறக்க, புதியவை வராத இந்த இடைவெளியில் புதியவர் அஞ்சி இராணியை மாற்றிவிடுவதுண்டு. மூடிய புழு அறைகள் அடர்ந்து, இடைவெளி குறைவாகக் காணப்பட்டால் பொறுத்திருப்பதே முறை.

உண்ணியும் மேற்கட்டைப் பெட்டியும்

இயற்கையாகக் கட்டிய அடையில் அறைகள் சிறியவை, ஆதலால் வர்ரோவா உண்ணி பெருகாது எனும் கருத்து இப்பெட்டியின் ஆர்வலர்களிடையே பரவலாக உள்ளது. சிறிய அறைகளை வைத்து நடந்த ஆய்வுகளில் உண்ணி குறைந்ததாகத் தெரியவில்லை. மாறாக, பொதித் தேனீக்களுக்கு வேறொரு வசதி உண்டு. முதல் எட்டு ஒன்பது நாட்களில் மூடிய புழு அறைகளே இல்லாததால் உண்ணிகள் அனைத்தும் தேனீக்களின் உடல்மேல் இருக்கும். ஒட்சாலிக் அமிலத்தால் அவற்றைக் கட்டுப்படுத்த இதனினும் நல்ல தருணம் அவ்வாண்டில் எளிதில் வாய்க்காது.

குளிர்காலம்

குடும்பத்தை நடுவில் வைக்காமல் ஒரு முனையில் குடியமர்த்துவதன் காரணம் குளிர்காலத்தில்தான் விளங்கும். குளிரில் தேனீக்கள் உருண்டையாகத் திரண்டு, தேனைத் தின்றவாறே அடையடையாக ஒரு பக்கமாக நகர்கின்றன. இருபுறமும் தேன் இருந்தால் ஒருபுறத்தைத் தின்று முடித்து முனையை அடையும். மறுபுறத் தேனுக்குச் செல்ல வெறும் அடைகளைக் கடக்க வேண்டும். கடுங்குளிரில் அது இயலாது. தேன் நிறைந்த பெட்டிக்குள்ளேயே குடும்பம் பட்டினியால் இறப்பது இவ்வாறுதான். முதலாண்டில் தேன் எடுக்காமல் விடுவதே வழக்கம்.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டில், குறிப்பாக மார்த்தாண்டம் பகுதியில், இந்தியத் தேனீக்கு நியூட்டன் பெட்டியே பரவலாகப் பயன்படுகின்றது. இது 1910களில் தென்னிந்தியாவில் தேனீ வளர்ப்பைக் கற்பித்த நியூட்டன் பாதிரியாரின் பெயரால் அழைக்கப்படும் சிறு சட்டப் பெட்டி ஆகும். இந்தியத் தேனீ இடையூறு நேரின் பெட்டியை விட்டு முற்றாக வெளியேறும் இயல்புடையது. ஆகையால் மேற்கட்டைப் பெட்டியில் இதனை வளர்க்க முயல்வோர், மேலே கூறிய ஆய்வுகளை இயன்றவரை குறைத்து, முதல் அடைகளில் புழு தோன்றும் வரை பெட்டியை அதிகம் திறக்காதிருத்தல் வேண்டும். புழு உள்ள அடையை விட்டுக் குடும்பம் எளிதில் வெளியேறுவதில்லை.