கண்மாய் நிறைந்தது; மனம் நிறைந்ததா?



ஐப்பசி பிறந்துவிட்டால் எம் பகுதி மக்களின் கண்கள் வானத்தையே நோக்கி நிற்கும். காவிரி பாயும் தஞ்சையைப் போன்றதன்று எமது சீமை. மணிமுத்தாறும் பாம்பாறும் சருகணியாறும் மழை பெய்த சில நாட்களில் மட்டுமே ஆறு எனும் பெயருக்கு உரியவை; ஏனைய நாட்களில் அவை வெறும் மணற்பாதைகள். வடகிழக்குப் பருவமழை கொட்டும் நீரைக் கண்மாயிலும் ஊருணியிலும் தேக்கி வைத்தே இம்மண்ணின் மக்கள் தலைமுறை தலைமுறையாக உயிர் வாழ்ந்து வந்திருக்கின்றனர். காரைக்குடியைச் சுற்றியுள்ள செட்டிநாட்டு ஊர்களில் மாளிகைகளை எழுப்பியவர்கள் ஊருணிகளையும் அதே கவனத்தோடு அமைத்தார்கள். ஒப்புரவைப் பற்றிப் பேச வந்த வள்ளுவப் பெருந்தகை நீர் நிறைந்த ஊருணியை உவமையாக எடுத்ததன் பொருளை எம் மக்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

கண்மாயைப் பற்றிப் பங்குக் குரு ஒருவர் குடும்ப இதழில் எழுதுவானேன் என்று வாசகர் வினவக்கூடும். குருமடத்து நூல்கள் எமக்குக் கற்பித்தும் நாம் கற்றுக்கொள்ளாத ஒரு பாடத்தைக் கண்மாய் கற்பித்தது. அப்பாடத்தில் நாம் செய்த பிழையும் அடங்கும். அதை மறைத்து எழுதுவது முறையன்று.

கண்மாயின் உறுப்புகள்

கண்மாய்க்கு நான்கு உறுப்புகள் இன்றியமையாதவை. மழைநீரைக் கொண்டு சேர்ப்பது வரத்துக்கால். நீரைத் தாங்கி நிற்பது கரை. வயலுக்கு அளவோடு திறந்துவிடுவது மடை. மிகுந்த நீரை அடுத்த ஊர்க் கண்மாய்க்கு வழியனுப்புவது கலுங்கு. இந்நான்கில் ஒன்று பழுதுபட்டாலும் கண்மாய் வெறும் பள்ளமே. கலுங்கு இல்லாத கண்மாய் தன் நீராலேயே தன் கரையை உடைத்துக்கொள்ளும். வரத்துக்கால் அடைபட்ட கண்மாயோ, ஊரெல்லாம் மழை பெய்தும் வறண்டு கிடக்கும். ஆகவேதான் ஊரார் கூடி மராமத்துச் செய்யும் குடிமராமத்து எனும் வழக்கம் ஏற்பட்டது. வழக்கொழிந்து கிடந்த அதனைத் தமிழ்நாடு அரசு 2017-ஆம் ஆண்டில் ஒரு திட்டமாக மீண்டும் தொடங்கிற்று. ஆயினும் பணத்தை அரசு ஒதுக்கலாம். ஊரை ஒன்றுகூட்ட ஊராரால்தான் முடியும்.

பூட்டிய கொட்டகை

எம் பங்கைச் சார்ந்த கிளை ஊர் ஒன்றில் ஏறத்தாழத் தொண்ணூறு தலைக்கட்டுகள் உள்ளன. மேலத்தெரு, கீழத்தெரு என இரு தெருக்கள். இரு தெருவாரும் ஒரே பீடத்தில் நற்கருணை உண்பவர்கள். ஆனால் ஒரே கல்லறைத் தோட்டத்தின் இரு மூலைகளில் தனித்தனியே அடக்கம் செய்யப்படுபவர்கள். திருவிழாச் சப்பரம் எத்தெருவில் முதலில் திரும்புவது என்பதில் அவர்களிடையே பூசல் எழுந்தது. வெளியில் சொல்லப்பட்ட காரணம் ‘பழைய வழக்கம்’. சொல்லப்படாத காரணம் சாதி.

ஓர் ஆண்டு கொடியேற்றத்தன்று கைகலப்பு மூண்டது. நாம் பீடத்திலிருந்து கடுமையாகப் பேசினோம். பேசியதோடு நில்லாமல், சப்பரக் கொட்டகையைப் பூட்டிச் சாவியைப் பங்கு இல்லத்து மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டோம். மூன்று திருவிழாக்கள் சப்பரமின்றிக் கழிந்தன. சண்டை இல்லை என்று நாம் நிம்மதியடைந்தோம். ஆயின் ஊரில் பேச்சும் இல்லை. கீழத்தெருவில் ஒரு முதியவர் இறந்தபோது மேலத்தெருவிலிருந்து ஒருவரும் துக்கத்திற்கு வரவில்லை. அடக்கச் சடங்கை நடத்திய நாம் அதைக் கண்டும் காணாதவர்போல் திரும்பினோம்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-ஆம் ஆண்டு திருச்சபையைப் பற்றி வெளியிட்ட கோட்பாட்டு விளக்கம், இறைமக்களைப் பற்றி இரண்டாம் இயலில் பேசிவிட்டு, ஆயர்களையும் குருக்களையும் மூன்றாம் இயலிலேயே எடுத்துக்கொள்கிறது. இயல்களின் இவ்வரிசை தற்செயலானதன்று என்று குருமடத்தில் கற்றோம், தேர்விலும் எழுதினோம். சாவியை இழுப்பறையில் வைத்த அன்று அதை அறவே மறந்தோம்.

அவ்வூரில் நீர்பாய்ச்சியாக நெடுநாள் பணியாற்றிய பெரியவர் ஒருவர் ஒருநாள் பூசைக்குப் பின் எம்மிடம் வந்தார். “சாமி, மடையை அடைச்சுப்புட்டா தண்ணி அடங்கிப் போச்சுன்னு நினைக்கக் கூடாதுங்க. அது உள்ளுக்குள்ள கரையை அரிச்சுக்கிட்டேதான் இருக்கும்” என்றார். அவர் கண்மாயைப் பற்றிப் பேசுகிறாரா, கொட்டகையைப் பற்றிப் பேசுகிறாரா என்று நாம் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

அவ்வாண்டு மழை பொய்க்கவில்லை. இருந்தும் கண்மாய் பாதிகூட நிறையவில்லை. வரத்துக்காலில் மண் மேடிட்டுச் சீமைக்கருவேலம் மண்டியிருந்தது. அதை வெட்டி எறிய இரு தெருவாரையும் கூட்டுவார் ஒருவரும் இல்லை. தை பிறக்குமுன் கடைமடை வயல்கள் காய்ந்தன. இரு தெருவாருக்கும் அங்கே நிலம் உண்டு. பயிர் தெரு பார்த்துக் கருகவில்லை.

சருகணியில் ஒரு கல்லறை

அம்மனச் சுமையோடு மார்ச் மாதம் 21-ஆம் நாள் சருகணிக்குச் சென்றோம். அது தந்தை லூயி லெவே அவர்களின் நினைவு நாள். பிரான்சு நாட்டுப் பிரித்தானி பகுதியில் 1884-இல் பிறந்த இந்த இயேசு சபைக் குரு, ஆண்டாவூரணி, இராமநாதபுரம், சருகணி ஆகிய இடங்களில் பணியாற்றி, 1973-ஆம் ஆண்டு அதே நாளில் சருகணியில் இறைவனடி சேர்ந்தார். இன்று திருச்சபை அவரை ‘இறை ஊழியர்’ என அழைக்கிறது. கோவில் கட்டிய குருக்கள் நம் மறைமாவட்டத்தில் பலர். தந்தை லெவே அவர்களோ கண்மாய் வெட்டிய குருவாகவும் மக்கள் நெஞ்சில் நிற்கிறார். பஞ்சத்தில் வாடிய மக்களைத் திரட்டிக் கண்மாய்களைத் தூர்வாரினார். கிணறுகள் தோண்டச் செய்தார். அந்நீர் பாய்ந்த வயல்கள் கத்தோலிக்கருக்கு மட்டும் உரியவை அல்ல. அதனால்தான் அவர் கல்லறையில் இந்து சமயத்தவரும் மெழுகுதிரி ஏற்றுகின்றனர்.

சருகணிக்கு மற்றொரு பெருமையும் உண்டு. சிவகங்கைச் சீமையை ஆண்டு 1801-ஆம் ஆண்டில் தூக்கிலிடப்பட்ட மருது சகோதரர்கள் சருகணிக் கோவிலுக்குத் தேர் வழங்கினர் என்பது இப்பகுதி மக்கள் போற்றிவரும் வரலாற்று நினைவு. வேறு சமயத்து மன்னர் கோவிலுக்குத் தேர் தந்தார். ஒரே திருமுழுக்குப் பெற்ற நாமோ சப்பரத்தைப் பூட்டி வைத்தோம்! அக்கல்லறையின் முன் முழங்காலிட்டபோது எம் சட்டைப்பையில் அச்சாவி இருந்தது. வெட்கத்தால் தலை குனிந்தோம்.

தொடக்கநூல் 26-ஆம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. தந்தை ஆபிரகாமின் காலத்தில் வெட்டப்பட்ட கிணறுகளைப் பெலிஸ்தியர் மண்ணிட்டு மூடியிருந்தனர். ஈசாக்கு அவற்றை மீண்டும் தோண்டினார். அவருடைய ஆட்கள் தோண்டிய ஒரு கிணற்றைக் குறித்து வாக்குவாதம் எழுந்தது. மற்றொன்றைக் குறித்துப் பகை எழுந்தது. அவர் அவ்விடங்களை விட்டகன்று மூன்றாவது கிணறு தோண்டியபோது சச்சரவு எழவில்லை. ‘பரந்த இடம்’ எனப் பொருள்படும் பெயரை அதற்கு இட்டார். ஈசாக்கு நியாயம் பேசி வென்றதாக மறைநூல் கூறவில்லை. மீண்டும் மீண்டும் தோண்டினார் என்றே கூறுகிறது.

ஒரே செம்பு

ஊர் திரும்பியதும் கூட்டத்திற்கு அழைத்தோம். சப்பரத்தைப் பற்றிப் பேச அன்று, வரத்துக்காலைப் பற்றிப் பேச. ஆயக்கட்டில் இந்துக்களும் இசுலாமியரும் இருந்தமையால் கோவிலில் கூடாமல் கண்மாய்க்கரைப் புளியமரத்தடியில் கூடினோம். தலைக்கட்டுக்கு ஓர் ஆள், வர இயலாதவர் ஒரு நாள் கூலி, கைம்பெண்களின் குடும்பங்களுக்கு விலக்கு என்று முடிவாயிற்று.

ஆவணியில் வேலை தொடங்கியது. முதல் நாட்களில் மேலத்தெருவார் ஒரு முனையிலும் கீழத்தெருவார் மறுமுனையிலும் நின்று வெட்டினர். வேலை நெருங்க நெருங்க இரு கூட்டமும் நெருங்கிற்று. ஒருநாள் நண்பகலில் மேலத்தெரு அம்மா ஒருவர் குடத்தில் மோர் கொண்டுவந்தார். குடித்த செம்பைக் கழுவாமலே அடுத்தவரிடம் நீட்டினார். அடுத்து நின்றவர் கீழத்தெரு இளைஞர். ஒரு நொடி மண்வெட்டிகள் நின்றன. இளைஞர் வாங்கிக் குடித்தார். செம்பு மேலும் கைமாறிற்று. வேலை தொடர்ந்தது. எவரும் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை, நாமும் சொல்லவில்லை.

இதைப் பெரிதுபடுத்துவானேன் எனச் சிலர் நினைக்கலாம். ஊருணிப் படித்துறையில் சிலரை இறங்கவிடாத காலத்தையும், கோவிலுக்குள்ளேயே சிலரைத் தனியே உட்காரவைத்த காலத்தையும் அறிந்தவர்களுக்கு அச்செம்பின் கனம் தெரியும்.

கார்த்திகையில் கண்மாய் நிறைந்து கலுங்கு வழிந்தது. மிகுந்த நீர், நம்மவர் ஒருவர்கூட இல்லாத அடுத்த ஊர்க் கண்மாயைச் சென்று சேர்ந்தது.

இரண்டு சாவிகள்

திருவிழா நெருங்கியது. இரு தெருப் பெரியோர்களும் சேர்ந்து வந்து கொட்டகைச் சாவியைக் கேட்டனர். கொடுத்துவிட்டோம். முதலாண்டு சப்பரம் கோவிலை மட்டும் சுற்றிவருவது, அடுத்த ஆண்டு முதல் தெருக்கள் முறை வைத்துக்கொள்வது என அவர்களே பேசி முடித்தனர். கொட்டகைக்கு இரண்டு பூட்டுகள் போட்டனர். ஒரு சாவி மேலத்தெருவில், மற்றொன்று கீழத்தெருவில். இருவரும் சேர்ந்து வந்தாலன்றிக் கதவு திறவாது. எம்மிடம் சாவி இல்லை.

எல்லாம் சீராகிவிட்டது என்று எழுத மனச்சான்று இடந்தரவில்லை. இன்னும் சில குடும்பங்கள் சப்பரத்தின்பின் வருவதில்லை. கல்லறைத் தோட்டத்தில் இரு மூலைகளும் அப்படியே இருக்கின்றன. அங்கே வெட்டவேண்டிய வரத்துக்கால் இன்னும் மிச்சமிருக்கிறது.

திருப்பலியில் காணிக்கை வேளையில் குரு திராட்சை இரசத்தோடு ஒரு துளி நீரைக் கலப்பதைப் பார்த்திருப்பீர்கள். கார்த்தேஜ் நகர ஆயராயிருந்து 258-ஆம் ஆண்டு மறைச்சாட்சியாக உயிர்நீத்த புனித சிப்ரியான் இதற்கு அரியதொரு விளக்கம் தருகிறார். இரசம் கிறிஸ்துவைக் குறிக்கும். நீர் மக்களைக் குறிக்கும். கலந்த பின் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தெடுக்க இயலாது. அவ்வாறாயின், அத்துளிக்குள் மேலத்தெரு நீர் எது, கீழத்தெரு நீர் எது என்று பிரிப்பவர் யார்?

2015-ஆம் ஆண்டு ‘இறைவா உமக்கே புகழ்’ எனும் சுற்றுமடலில் திருத்தந்தை பிரான்சிஸ், தூய குடிநீர் பெறுவது மனிதரின் அடிப்படை உரிமை என வலியுறுத்தினார். அம்மடலை அன்பியக் கூட்டங்களில் வாசித்தோம். வாசித்தது நன்றே. வாசித்தபின் மண்வெட்டியை எடுப்பது அதனினும் நன்று.

அன்பார்ந்த குடும்பத்தாரே! இன்றிரவு செபமாலை முடிந்தபின் உங்கள் வீட்டில் இவ்வினாக்களை எழுப்பிப் பாருங்கள். நம் அன்பியத்தில் நாம் வாசற்படி மிதிக்காத வீடு எது? எவர் வீட்டுத் துக்கத்திற்கு நாம் செல்லாதிருந்தோம்? நம் பிள்ளைகள் எவரோடு உண்ணக்கூடாதென்று நாம் வாய்திறவாமலே கற்பித்து வருகிறோம்? விடை கிடைத்தால், அதுவே அடைபட்ட வரத்துக்கால். மழையைப் பொழிவது ஆண்டவரின் அருள். அவர் நல்லோர்மீதும் தீயோர்மீதும் அதைப் பொழிகிறார். வரத்துக்காலை வெட்டுவது நம் கடமை. அடுத்த மழைக்குள் அதைச் செய்து முடிக்க இறைவன் நமக்கு வலிமை அருள்வாராக!