செம்புத் தகடும் பழைய இன்ஜினும்

செட்டிநாட்டுக்குள் மோட்டார் கார் நுழைந்தது பர்மா, மலாயா பணத்தில். அங்கே வட்டிக்கடையில் சேர்ந்தது இங்கே தேக்குத் தூணாக நின்றது, இத்தாலி மார்பிளாக விரிந்தது, கடைசியில் ஃபோர்டாகவும் ஆஸ்டினாகவும் கொட்டகையில் ஏறியது. 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்ததும் அந்த வரத்து நின்றது. பத்தாண்டு கழித்து இன்னொரு அடி. இங்கேயே உதிரிபாகம் செய்யும் திட்டமில்லாத கம்பெனிகளுக்கு இனி இடமில்லை என்று 1953-ல் அரசாங்கம் முடிவெடுக்க, ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டின. கார்கள் மட்டும் இங்கேயே நின்றுவிட்டன.

அதற்குப் பிறகு ரேடியேட்டரில் குமிழி வந்து, வண்டி இழுவை குறைந்து, சைலன்சரில் வெள்ளைப் புகை தள்ளினால், மெக்கானிக் ஒரே வரியில் சொல்லிவிடுவார்: “ஹெட் கேஸ்கெட் போச்சு.” சிலிண்டர் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே கிடக்கும் அந்தத் தகடுதான் வெடிப்பின் அழுத்தத்தையும் தண்ணீரையும் ஒன்றோடொன்று சேரவிடாமல் தடுப்பது. கம்பெனி கேஸ்கெட் என்பது இரண்டு மெல்லிய செம்புத் தோலுக்கு நடுவே ஆஸ்பெஸ்டாஸ். ஒருமுறை நசுங்கினால் அவ்வளவுதான். மாற்று கிடைக்காத ஊரில் அதற்கு வழி, முழுச் செம்புத் தகட்டில் தானே ஒன்றை வெட்டிக்கொள்வது.

பழைய கேஸ்கெட்டைத் தகட்டின் மேல் வைத்துக் கோடு கிழிப்பார்கள். அது சிதைந்திருந்தால் ஹெட்டையே கவிழ்த்து வைத்துக் குறிப்பார்கள். சிக்கல் ஓட்டை போடுவதில்தான். வெறும் தகட்டில் டிரில்லை இறக்கினால் செம்பு பிட்டைப் பிடித்துக்கொண்டு சுருண்டு எழும்பும். அதனால் இரண்டு பலகைக்கு நடுவே தகட்டை இறுக்கித் துளைக்க வேண்டும். பிசிறை அரத்தால் எடுத்துவிட்டு அடுப்புக்கு.

இந்த அடுப்பு வேலையில்தான் எல்லாம் இருக்கிறது. உருட்டியும் தட்டியும் வந்த செம்பு விறைத்துப்போயிருக்கும். ஹெட்டின் மேடு பள்ளத்துக்கு இணங்காது. மங்கிய சிவப்பு ஏறும்வரை சூடு காட்டி, தண்ணீரில் போட்டாலும் சரி, சும்மா ஆறவிட்டாலும் சரி, மெத்தென்று ஆகிவிடும். இரும்பைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டுக் கெட்டியாக்கிப் பழகிய கைக்கு இது தலைகீழ்ப் பாடம். சூடு ஏறியதா என்பதைக் காதும் சொல்லும். விறைத்த தகட்டைத் தட்டினால் ‘டிங்’ என்று ஓசை நிற்கும். பதமானது ‘தொப்’ என்று அடங்கிவிடும். ஓடி ஓடி மறுபடி விறைத்துப்போன கேஸ்கெட்டைக் கழற்றித் திரும்பவும் சூடு காட்டிப் போடலாம். கம்பெனி கேஸ்கெட்டில் இந்த வசதி கிடையாது.

இன்று வெட்டும் வேலை மனிதக் கையை விட்டுப் போய்விட்டது. பழைய கேஸ்கெட்டை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்தால், வாட்டர்ஜெட் இயந்திரம் கோடு பிசகாமல் வெட்டித் தருகிறது. இதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. டின் கத்தரியோடு மல்லுக்கட்டுவதில் பெருமை என்ன இருக்கிறது? ஆஸ்பெஸ்டாஸ் தூசி நுரையீரலுக்கு எமன் என்பதும் இப்போது ஊரறிந்தது. அந்த வகையில் முழுச் செம்பு இன்னும் நல்லது.

ஆளும் மாறிவிட்டார். அன்று வண்டி ஓடியாக வேண்டும் என்பதற்காகச் செய்தது, இன்று ஆசைக்கு. 50 வயது தாண்டிய, அசல் உருவம் மாறாத வண்டிகளுக்கு ‘விஏ’ என்ற தனி நம்பர் வரிசையே 2021-ல் வந்துவிட்டது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். இவ்வளவு செலவழிப்பவர்களில் யாராவது, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் ஒரு செம்பு அண்டாவை வாங்கி வெட்டலாமே என்று யோசித்தால், வேண்டாம். கையால் தட்டிய பாத்திரத்தில் கனம் இடத்துக்கு இடம் மாறும். கேஸ்கெட்டுக்கு ஒரே கனம் முக்கியம்.

எல்லா இன்ஜினுக்கும் இது பொருந்தாது. மாடல் டி ஃபோர்டின் கம்ப்ரஷன் நாலுக்கு ஒன்று அளவுதான். இன்றைய பெட்ரோல் காரில் பத்தைத் தாண்டுகிறது. அங்கே எஃகு அடுக்கு கேஸ்கெட்தான் சரி. பழைய இன்ஜினிலும் வெடிப்பைச் செம்பு நன்றாகத் தாங்கும்; தண்ணீர் வழிகளில்தான் கசியும். ஆகவே ஹெட் முகம் தட்டையாக இருக்கிறதா என்று முதலில் பார்த்து, நடுவிலிருந்து ஓரத்துக்குப் படிப்படியாக போல்ட்டை இறுக்கி, வண்டியைச் சூடேற ஓட்டி, ஆறவிட்டு இன்னொரு சுற்று இறுக்க வேண்டும். இதை எந்த வாட்டர்ஜெட்டும் செய்து தருவதில்லை.