மடத்தடி நினைவுகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய தெருக்களிலே, வழிநடைக்காரர் இளைப்பாறிச் செல்வதற்கென நம் முன்னோர் மடங்கள் பல அமைத்திருந்தனர். மடம் தனித்து நிற்பதில்லை. அருகே ஒரு கிணறு. மாடுகள் நீரருந்தக் கேணி. அவை உடலைத் தேய்த்துக்கொள்ள ஆவுரஞ்சிக்கல். தலைச்சுமையைப் பிறர் துணையின்றி இறக்கிவைக்கச் சுமைதாங்கி. வயிற்றிற் பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நாட்டுதல் வழக்கம். தம் துயரைப் பிறர் சுமை இறக்கும் கல்லாக மாற்றிய அந்த மனத்தை என்னென்பது!

வலிகாமம் வடக்கிலே எங்கள் ஊரிலும் அத்தகைய மடம் ஒன்றிருந்தது. 1950களில், சிறுவனாக நான் கண்ட மடம் அது. சுண்ணாம்புச் சாந்து பூசிய தடித்த சுவர்கள். பனை மரத்தில் அறுத்த சலாகைகளின்மேல் ஓடு. இருந்தும் கிடந்தும் வழவழப்பேறிய திண்ணை. பொழுதுபடும் வேளையிற் புகையிலைச் சிப்பங்கள் ஏற்றிய வண்டில்கள் வந்து நிற்கும். வண்டிற்காரர் எருதுகளை அவிழ்த்துக் கேணிக்கு விட்டுவிட்டு, மூன்று கல் கூட்டி உலை வைப்பர். செல்வச்சந்நிதிக்கு நடந்து செல்லும் அடியார்களும் வருவதுண்டு. எங்கள் வீட்டிற் கூழ் காய்ச்சிய நாட்களில், ஒரு சட்டி மடத்துக்கென்று தனியே எடுத்து வைக்கப்படும். அதைச் சிந்தாமற் கொண்டுபோய்ச் சேர்ப்பது எங்கள் வேலை. வன்னிக் காட்டு யானைகளைப் பற்றியும், கொழும்புத் துறைமுகத்தைப் பற்றியும் நாங்கள் முதன்முதலிற் கேட்டறிந்தது அந்தத் திண்ணையடியிலேதான்.

ஆயினும், பழமையைப் போற்றும்போது உண்மையை மறைத்தலாகாது. அத்திண்ணை எல்லாருக்கும் உரியதாக இருக்கவில்லை. தாழ்ந்தவரென ஒதுக்கப்பட்டோர் முற்றத்து வேம்பின் கீழேயே படுத்தெழும்பினர். கிணற்றுத் துலாவை அவர்கள் தொடலாகாது. யாராவது அள்ளி வார்க்கும்வரை கையேந்தி நின்றனர். மாட்டின் தாகத்துக்குக் கேணி கட்டிய ஊர், மனிதனைத் தாகத்தோடு காக்க வைத்தது. இத்தகைய தடைகளை 1957ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. எனினும், தேநீர்க்கடைக்குள்ளும் கோயிலுக்குள்ளும் நுழையும் உரிமைக்காக 1966இலும் அதன் பின்னரும் மக்கள் வீதியில் இறங்கிப் போராடவே வேண்டியிருந்தது.

மடம் ஒரே நாளில் அழியவில்லை. 1958இல் பேருந்துச் சேவை அரசுடைமையாயிற்று, லொறிகளும் பெருகின. ஒரு நாட்பயணம் ஒரு மணி நேரமாகச் சுருங்கியபோது, இரவு தங்க ஆளில்லாமற் போயிற்று. ஓடு பெயர்ந்தால் மாற்றுவாருமில்லை. பின்னர், 1990இல் போரினால் ஊரே இடம்பெயர்ந்தது. பல்லாண்டுகள் கழித்து நாங்கள் திரும்பியபோது சுவருமில்லை, கூரையுமில்லை. பற்றைக்குள் ஆவுரஞ்சிக்கல் மாத்திரம் சாய்ந்து கிடந்தது.

பருத்தித்துறையில் வீதிக்கு மேலாகக் கூரை பரப்பி நிற்கும் தெருமூடிமடம் அக்காலத்துக் கல்வேலைக்குச் சான்று. மருதனார்மடம் என்னும் ஊர்ப்பெயர் இன்றும் நம் நாவில் வழங்குகிறது. சந்நிதியில் மடங்களின் அன்னதானமும் தொடர்கிறது. எஞ்சிய சிற்றூர் மடங்களுக்கோ எழுத்துச் சான்று மிகக் குறைவு. ஆசிரியர்கள் தம் மாணவரை அழைத்துச் சென்று, சந்திகளில் மிஞ்சியிருக்கும் சுமைதாங்கிகளையும் கேணிகளையும் அளந்து, படம் பிடித்து, முதியோர் சொல்வதைக் கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். அவ்வாறு எழுதுங்கால், திண்ணையில் உறங்கியவரோடு வேம்படியில் உறங்கியவரையும் சேர்த்தே எழுதுக. அப்பொழுதுதான் அது ஊரின் வரலாறாகும்.