கொழுப்பும் இன்சுலினும்

பேராதனையில் மருத்துவ பீடம் தோன்றிய 1962ஆம் ஆண்டுக்கு மறு வருஷம், பிலிப் ராண்டில் என்ற ஆங்கிலேய விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும், தசைகள் கொழுப்பமிலங்களை மிகுதியாக எரிக்கும்போது குளுக்கோசை உபயோகிப்பது குறைகிறது என்று விளக்கி, நீரிழிவைச் சர்க்கரையின் வியாதியாக மட்டுமே கருதியோரைச் சிந்திக்க வைத்தனர். உணவுண்டபின் சுரக்கும் இன்சுலின், கொழுப்புத் திசுவிலிருந்து அமிலங்கள் இரத்தத்தில் கலவாதவாறு காவலனைப்போல் தடுக்கிறது; அக்காவல் தளர்ந்து, ஈரலிலும் தசையிலும் கொழுப்புத் தேங்குமாயின், இன்சுலினின் ஆணை அங்கு செல்லாமற் போகிறது. கண்டி மாநகரிலும் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களிலும் வாழும் நம்மவர் பலர், தேநீரில் சீனியைக் குறைத்தாற் போதுமென்று எண்ணுவது எனக்குப் பெருங்கவலை தருகிறது. ஏனெனில், தேவைக்கு மிஞ்சிய சோற்றிலும் ரொட்டியிலும் ஒரு பகுதி ஈரலிற் கொழுப்பாகவே உருமாறுகிறது. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரை எட்டுமாயின், இரத்தப் பரிசோதனையைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.