கட்டளை எங்கே போயிற்று?

புதிய மென்பொருளுக்காக, கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல்லின் அமைப்புக் கோப்பில் ஒரு வரியைத் தவறாகச் சேர்த்துவிட்டு டெர்மினலை மறுபடி திறந்தால், கோப்புகளைப் பட்டியலிடும் சாதாரண எல்எஸ் கூட ‘கட்டளை கிடைக்கவில்லை’ என்று கைவிரிக்கும். லினக்ஸிலோ மேக்கிலோ நிரலெழுதப் பழகுகிற பலரும் ஒரு முறையாவது இதைச் சந்திக்கிறார்கள். கணினியே பாழாகிவிட்டது என்று பதறி, இயங்குதளத்தை அடியோடு மறுபடி நிறுவுகிறவர்களும் உண்டு. அதற்குத் தேவையே இல்லை. அதே டெர்மினலில் ‘/பின்/எல்எஸ்’ என்று முழு இடத்தையும் தட்டிப் பாருங்கள், பட்டியல் வந்துவிடும். நிரல் அங்கேயேதான் இருக்கிறது, அதை எங்கே தேடுவது என்பதுதான் ஷெல்லுக்குத் தெரியவில்லை. சிடி, எக்கோ என்ற கட்டளைகள் இரண்டும் அப்போதும் வேலை செய்வது இன்னொரு சான்று. அவை ஷெல்லுக்குள்ளேயே இருப்பவை, வெளியே தேடவேண்டிய அவசியம் இல்லை.

தேடும் இடங்களின் பட்டியலை வைத்திருப்பது பாத் என்ற மாறி. 1979இல் வந்த யூனிக்ஸ் 7ஆம் பதிப்பில், ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல்லிலேயே அது இருந்தது. அடைவுகளின் பெயர்கள் முக்காற்புள்ளியால் பிரிக்கப்பட்டு வரிசையாக நிற்கும். ஷெல் இடமிருந்து வலமாகத் தேடி, முதலில் அகப்பட்டதை இயக்கும். புதிய அடைவைச் சேர்க்கும்போது, டாலர் குறியோடு பாத் என்று எழுதிப் பழைய பட்டியலையும் கூடவே கொண்டுவர வேண்டும். அதை விட்டுவிட்டால் பழையது முழுக்கப் போய், புதிய அடைவு மட்டும் மிஞ்சும். மருந்தும் எளிது. பாத்துக்கு ‘/யுஎஸ்ஆர்/பின்:/பின்’ என்ற மதிப்பைக் கொடுத்தால் அந்த டெர்மினல் உயிர்பெறும். மாற்றம் அந்த ஒரு டெர்மினலோடு நிற்பதால் துணிந்து செய்யலாம். பிறகு எடிட்டரைத் திறந்து, தவறான வரியைத் திருத்த வேண்டும். எந்தக் கோப்பில் என்பதில் கவனம் தேவை: 2019இன் கேட்டலினா முதல் மேக்கில் புதிய கணக்குகளுக்கு இசட்-ஷெல்தான் இயல்பாக வருகிறது, பாஷுக்கான கோப்பை அது படிப்பதில்லை.

இவ்வளவு தொல்லை எதற்கு, ஷெல்லே வட்டு முழுவதும் தேடிக்கொள்ளலாமே என்று கேட்பது நியாயம்தான். ஆனால் ஒரே கணினியில் இரண்டு பைத்தான்கள் இருந்தால் எதை இயக்குவது? யாரோ தற்காலிக அடைவில் எல்எஸ் என்ற பெயரில் ஒரு தீய நிரலைப் போட்டுவைத்திருந்தால்? நடப்பு அடைவைக்கூடப் பட்டியலில் சேர்க்காமல் விடுவது இந்த ஆபத்துக்குப் பயந்துதான். மறுபடி நிறுவுவதே சுலபம் என்ற வாதமும் நிற்காது. ஹோம் அடைவை அப்படியே வைத்துக்கொண்டு நிறுவினால் பிழையான வரியும் அதிலேயே இருக்கும், டெர்மினலைத் திறந்ததும் பழைய செய்திதான் வரும். அதையும் அழித்துவிட்டு நிறுவினால், ஒரு வரிப் பிழைக்காக அதுவரை எழுதிவைத்த நிரல்களும் சேர்ந்து போகும்.