தூரம்தான் செலவு: அமெரிக்கக் கிராமப்புறக் கவுன்டிகளின் குப்பைத் திட்டம்

அமெரிக்காவில் மாநிலத்துக்கு அடுத்த நிர்வாகப் பிரிவு கவுன்டி. ஏறக்குறைய நம் மாவட்டம் மாதிரி. கிராமப்புறக் கவுன்டிகளில் பரப்பளவு பெரிது, ஆட்கள் குறைவு. ஒரு பண்ணை வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே பல கிலோமீட்டர் இருக்கலாம். வாசல்தோறும் லாரி போய்க் குப்பை எடுப்பது அங்கே பெரும்பாலும் கட்டுப்படியாவதில்லை.

நெடுங்காலம் இதற்கு ஊருக்கு வெளியே ஒரு பள்ளம் போதுமானதாக இருந்தது. 1991-ல் மத்திய சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வெளியிட்ட விதிகள் அந்தப் பழக்கத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தன. புதிய குப்பைக் கிடங்கின் அடியில் 60 சென்டிமீட்டர் கெட்டித்த களிமண், அதன்மேல் பிளாஸ்டிக் விரிப்பு, கசிவுநீரை வெளியே எடுக்கக் குழாய்கள், நிலத்தடி நீரைச் சோதிக்கக் கிணறுகள் எல்லாம் வேண்டும். அன்றன்று கொட்டியதை அன்றே 15 சென்டிமீட்டர் மண்ணால் மூட வேண்டும். மழை குறைந்த பகுதியில் நாளுக்கு 20 டன்னுக்கும் குறைவாகக் கொட்டும் சிறு கிடங்குகளுக்குச் சில நிபந்தனைகளோடு சலுகை உண்டு. மற்றவற்றில் பல செலவு தாங்காமல் மூடப்பட்டன. 1988-ல் ஏறத்தாழ 8,000 ஆக இருந்த கிடங்குகள் 2009-ல் 2,000-க்கும் கீழே வந்துவிட்டன.

எனவே பல கவுன்டிகள் சேர்ந்து ஒரே பெரிய கிடங்கைப் பயன்படுத்துகின்றன. அது தொலைவில் இருப்பதால் இடையில் சேகரிப்பு மையங்கள் தேவைப்படுகின்றன. இத்தகைய மையத்தில் உயரமான கான்கிரீட் மேடை ஒன்று இருக்கும். அதன் ஓரத்தில், தாழ்வான தரையில், பெரிய இரும்புப் பெட்டிகள் நிற்கும். மக்கள் பிக்கப் வண்டியை மேடைமீது பின்னோக்கி ஓட்டிவந்து பைகளைக் கீழே போடுவார்கள். காவலுக்கு இருப்பவர் பேட்டரி, பெயின்ட், பழைய எண்ணெய் போன்றவற்றைத் தனியே வாங்கி வைப்பார். இப்படி ஓர் ஆள் இல்லாத பெட்டியில் பழைய மெத்தையும் கட்டட இடிபாடும் வந்து நிறைவது பல கவுன்டிகள் கண்ட அனுபவம். ஆள் சம்பளத்தை மிச்சம் பிடிப்பது தவறான சிக்கனம்.

திட்டத்தின் கடினமான பகுதி கட்டணம். பைக்கு இவ்வளவு என்று வசூலித்தால் குப்பை குறையும். ஆனால் கட்டணம் உயர உயர, குப்பை சாலையோர ஓடையிலோ வீட்டுப் பின்புறத் தகரப் பீப்பாயிலோ போய்ச் சேரும். பீப்பாயில் எரிப்பது கொடியது. குறைந்த சூட்டில் புகையும் பிளாஸ்டிக் டயாக்சின் என்ற நச்சை உண்டாக்குகிறது. அது புல்லில் படிந்து மாட்டின் பாலுக்கும் இறைச்சிக்கும் வருகிறது. பண்ணைத் தொழிலை நம்பிய ஊருக்கு இதைவிடக் கேடு வேறில்லை. ஆகவே வீட்டுக்கு ஓர் ஆண்டுக் கட்டணம், மையத்தில் இலவச அனுமதி என்ற முறையே கிராமத்துக்குப் பொருத்தம்.

மறுசுழற்சியிலும் தூரமே கணக்கைத் தீர்மானிக்கிறது. அலுமினியமும் அட்டையும் லாரி வாடகையைத் தாங்கும். கண்ணாடி கனம் மிகுந்தது, விலையோ குறைவு. சமையலறைக் கழிவில் பெரும்பகுதி தண்ணீர். அதை லாரியில் ஏற்றுவது தண்ணீருக்கு வாடகை கொடுப்பதுதான். இடம் தாராளமாக உள்ள பண்ணை வீட்டில் அதை அங்கேயே மட்கவிட்டு உரமாக்கலாம். இதை முன்னிறுத்தாத திட்டம் குறையுள்ளது.

இத்தகைய திட்டத்தைச் சட்டமே கேட்பதும் உண்டு. கலிபோர்னியாவின் 1989-ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு கவுன்டியும் குப்பைத் திட்டம் வகுக்க வேண்டும் என்கிறது. அடுத்த 15 ஆண்டுக் குப்பைக்கு இடம் எங்கே என்று அதில் காட்ட வேண்டும். 2000-க்குள் பாதிக் குப்பையைக் கிடங்குக்குப் போகாமல் தடுக்க வேண்டும் என்ற இலக்கில், கிராமப்புறங்கள் தளர்வு கோரவும் சட்டம் இடம் தந்தது.

கிடங்கு நிரம்பி மூடிய பிறகும் செலவு தொடரும். மத்திய விதிப்படி, மூடிய கிடங்கைப் பொதுவாக 30 ஆண்டுகள் கண்காணித்துப் பராமரிக்க வேண்டும். அதற்கான நிதி உறுதியை அது இயங்கும் காலத்திலேயே ஏற்பாடு செய்திருக்க வேண்டும்.